ஓடவிட்ட புரோகிராம் விழுந்தால் லொக்கில் என்ன இருக்கவேண்டும்?

கல்முனையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி மில்லுக்கு அவர் பைதனில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அச்சடித்த நெல் கொள்வனவுச் சீட்டுகளைப் பகலில் ஸ்கேன் பண்ணி பிடிஎஃப் ஆகப் போட்டு வைப்பார்கள். இரவில் குரோன் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் லினக்ஸ் சேவை) அந்தப் புரோகிராமை எழுப்பும். அது இமேஜ்மேஜிக்கைக் கூப்பிட்டு பிடிஎஃப்பைப் படமாக்கும், டெசரக்ட்டைக் கூப்பிட்டுப் படத்தில் உள்ள தமிழை எழுத்தாக எடுக்கும், மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் போடும், கடைசியில் ஒரு பாக்கப்பும் எடுக்கும். மெஷின் உபுண்டு லினக்ஸ், 4 ஜிபி மெமரி. நடந்ததை லொக் என்ற பதிவு ஃபைலில் எழுதிவைக்கும். அவருடைய கேள்வி இது:

"அண்ணா, காலையில் லொக்கைப் பார்த்தால் 'கட்டளை 1 என்ற எக்சிட் ஸ்டேட்டஸோடு முடிந்தது' என்று மட்டும் கிடக்கு. சில நாளில் மைனஸ் 9 என்று வருது. ஒரு நாள் ஒன்றுமே எழுதாமல் விடியும் வரைக்கும் தொங்கிக்கொண்டு நின்றது. பாக்கப் மட்டும் எப்பவும் ஓகே. கையால் ஓடவிட்டால் எல்லாம் வேலை செய்யுது. பிழை எங்கே என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

தம்பி, நீங்கள் சொன்னதில் எனக்குப் பயம் தந்தது அந்த "எப்பவும் ஓகே"தான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த 1ஐப் பார்ப்போம்.

எக்சிட் ஸ்டேட்டஸ் என்பது ஒரு புரோகிராம் முடியும்போது விட்டுப்போகும் எண், 0 என்றால் சரி. 1 என்றால் ஏதோ சரிவரவில்லை, அவ்வளவுதான். அரச அலுவலாகக் கச்சேரிக்கு அனுப்பின ஆள் திரும்பி வந்து "நடக்கல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுப்பது போல. டெசரக்ட் ஏன் விழுந்தது என்பதை ஸ்டான்டர்ட் எரரில், அதாவது பிழைச் செய்திக்கென்று இருக்கும் வெளிவழியில், வசனமாக எழுதிவிட்டுத்தான் செத்திருக்கும். அந்த வசனம் உங்கள் லொக்குக்கு வந்து சேரவில்லை. ஏன் சேரவில்லை என்பதற்கு இரண்டு வழி இருக்கிறது, உங்கள் கோடைப் பார்க்காமலே இரண்டையும் சொல்லலாம்.

வேறு புரோகிராமை ஓடவிடப் பைதனில் உள்ள சப்ப்ரொசஸ் மொடியூலின் ரன்னைக் கூப்பிடும்போது அவுட்புட்டைப் பிடிக்கச் சொல்லவில்லை என்றால், பிள்ளைப் புரொசஸ் (இங்கே டெசரக்ட்) தன் தாயின் (உங்கள் புரோகிராமின்) ஸ்டான்டர்ட் எரரையே பாவிக்கும். கையால் ஓடவிடும்போது அது திரையில் தெரியும். குரோனில் ஓடும்போது அது குரோனின் கைக்குப் போகும். குரோன் அதை மெயிலாக அனுப்பப் பார்க்கும், உங்கள் மெஷினில் மெயில் அனுப்பும் மென்பொருள் இருக்காது, உடனே வீசிவிடும். உபுண்டுவின் சிஸ்லொக்கைத் திறந்து பாருங்கள்: எம்டிஏ (அந்த மெயில் மென்பொருள்) நிறுவப்படவில்லை, அவுட்புட்டை வீசுகிறேன் என்று குரோன் ஒரு வரி எழுதி வைத்திருக்கும். காரணம் அந்த வரியோடுதான் குப்பைக்குப் போனது.

இரண்டாவது வழி இன்னும் எரிச்சலானது. நீங்கள் கப்சர் அவுட்புட்டை ட்ரூ என்றும் செக்கை ட்ரூ என்றும் கொடுத்திருக்கிறீர்கள் என்று வைப்போம். அப்படியென்றால் பைதன் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பிடித்து வைத்திருக்கிறது. ஆனால் அது எறியும் எக்செப்ஷனின் (பைதனின் பிழை அறிவிப்பின்) செய்தியில் கட்டளையும் எக்சிட் ஸ்டேட்டஸும் மட்டும்தான் இருக்கும். பிள்ளை சொன்ன காரணம் அந்த எக்செப்ஷன் ஒப்ஜெக்ட்டின் உள்ளே ஸ்டான்டர்ட் எரருக்கான பண்பில் உட்கார்ந்திருக்கும், ட்ரேஸ்பேக் என்ற பிழை அறிக்கையில் அச்சாகாது. எக்செப்ஷனை அப்படியே லொக் பண்ணினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். போதாது. அந்தப் பண்பை நீங்களாக எடுத்து எழுதவேண்டும். பைதன் 3.11 அல்லது அதற்குப் பிந்தியது என்றால், எக்செப்ஷனைப் பிடித்து, அதன் ஆட்நோட் என்ற மெதட்டால் பிள்ளையின் கடைசி வரிகளைச் சேர்த்து, திரும்ப எறிந்துவிடலாம். பிறகு எங்கே ட்ரேஸ்பேக் அச்சானாலும் காரணமும் கூடவே வரும்.

அப்படிச் செய்தால் நீங்கள் பார்க்கப்போவது என்ன என்று ஒரு ஊகம் சொல்லட்டுமா? தமிழ் எழுத்தை அடையாளம் காண உதவும் ட்ரெயின்ட் டேட்டா ஃபைலைத் திறக்க முடியவில்லை, தமிழ் மொழியை ஏற்ற முடியவில்லை, ஒரு மொழியும் ஏறவில்லை என்று டெசரக்ட் வரிசையாக எழுதியிருக்கும். அந்த ஃபைல் இருக்கும் இடத்தை டெஸ்டேட்டா பிரிஃபிக்ஸ் என்ற சூழல் மாறியில் (ஓடும் புரோகிராமுக்குக் கூடவே கொடுக்கப்படும் அமைப்பில்), பாஷ்ஆர்சி என்ற டேர்மினல் தொடக்க ஃபைலில் வைத்திருப்பீர்கள். டேர்மினலைத் திறந்தால் அது ஏறும், குரோன் அதைத் தொடவே தொடாது. "கையால் ஓடவிட்டால் வேலை செய்யுது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது சூழல் மாறிகளையும், கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலான பாத்தையும்தான். குரோன் கொடுக்கும் பாத் மிகச் சின்னது, யூஎஸ்ஆர் பின், பின் என்ற இரண்டு இடத்தோடு முடிந்துவிடும்.

சரி, இப்போது கொஞ்சம் உள்ளே போவோம். ஒரு பிள்ளைப் புரொசஸ் மூன்று விதத்தில் கெட்டுப்போகலாம்: தொடங்கவே இல்லை, தொடங்கித் தானாகப் பிழை சொல்லி முடிந்தது, யாரோ கொன்றுவிட்டார்கள். மூன்றும் தாய்க்கு வந்து சேரும் பாதை வேறு வேறு. மூன்றையும் "ஃபெயில்ட்" என்ற ஒரே சொல்லால் லொக் பண்ணுகிறவர்தான் காலையில் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்.

தொடங்கவே இல்லை என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. யூனிக்ஸில் முதலில் ஃபோர்க் நடக்கும், அதாவது தாயின் பிரதி ஒன்று பிறக்கும். பிறகுதான் அந்தப் பிரதி எக்செக் மூலம் டெசரக்ட்டாக மாறும். எக்செக் சரிவராவிட்டால் அந்தச் செய்தி பிள்ளைக்குள்தான் தெரியும், தாய்க்குத் தெரியாது. அதற்காக பைதன் ஒரு சின்னப் பைப்பை (ஒரு புரொசஸ் எழுத மற்றது படிக்கும் குழாயை) இரண்டுக்கும் நடுவில் வைத்திருக்கும். எக்செக் சரிவந்தால் அந்தப் பைப் தானாக மூடிக்கொள்ளும். சரிவராவிட்டால் பிழை எண்ணைப் பிள்ளை அதில் எழுதிவிட்டுச் சாகும், தாய் அதைப் படித்து "ஃபைல் இல்லை" என்ற எக்செப்ஷனை எறியும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஷெல்லை ட்ரூ என்று கொடுத்து, கட்டளை வரியை ஓடவிடும் ஷெல் என்ற புரோகிராமை நடுவில் வைத்துவிட்டீர்கள் என்றால் இந்த ஏற்பாடு கெட்டுப்போகும். ஏனென்றால் ஷெல் வெற்றிகரமாகத் தொடங்கிவிட்டதே! கட்டளை கிடைக்கவில்லை என்பதை ஷெல் 127 என்ற எண்ணாகத்தான் சொல்லும். ஃபைல் இருக்கிறது, ஓடவிட அனுமதி இல்லை என்றால் 126. லொக்கில் 127ஐப் பார்த்தால் டெசரக்ட் ஒன்றும் செய்யவில்லை, அது பிறக்கவே இல்லை என்று அர்த்தம்.

இங்கே ஒரு பழைய தலைவலியையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கிரிப்ட் கண்ணுக்கு முன்னால் கிடக்கும், சிஸ்டம் "அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்று சாதிக்கும். விண்டோஸில் எழுதி பென்ட்ரைவில் கொண்டு வந்த ஸ்கிரிப்ட் என்றால் முதல் வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத கரேஜ் ரிட்டர்ன் என்ற குறி ஒட்டிக்கொண்டிருக்கும். இல்லை என்று சொல்லப்படுவது உங்கள் ஸ்கிரிப்ட் அல்ல, அதை ஓடவிடவேண்டிய, முதல் வரியில் குறித்த இன்டர்பிரட்டர். அந்தக் குறி அதன் பெயரோடு ஒட்டிவிடுகிறது. செய்தியில் ஸ்கிரிப்டின் பெயர்தான் வரும், அதனால்தான் ஆட்கள் குழம்பிப் போகிறார்கள்.

அடுத்தது மைனஸ் 9. பைதனில் ரிட்டர்ன்கோட் மைனஸில் வந்தால் அது பிள்ளை சொன்ன எண் அல்ல, பிள்ளையைக் கொன்ற சிக்னலின் எண். சிக்னல் என்பது ஒரு புரொசஸுக்கு வெளியே இருந்து அனுப்பும் செய்தி. 9 என்றால் சிக்கில், உடனே கொல் என்று அர்த்தம். அதே சாவு ஷெல் வழியாக வந்தால் 128ஐக் கூட்டி 137 என்று தெரியும். அதே கணக்கில் 139 என்றால் 11, செக்மென்டேஷன் ஃபோல்ட், அதாவது தொடக்கூடாத மெமரியைத் தொட்டது. 143 என்றால் 15, யாரோ மரியாதையாக நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். சிக்கிலை எந்தப் புரோகிராமாலும் பிடிக்க முடியாது. ஆகவே செத்தவன் கடைசி வார்த்தை பேசியிருக்கமாட்டான், ஸ்டான்டர்ட் எரரில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. இன்னொன்றும் இருக்கிறது: பைப்புக்கு எழுதும் ஸ்டான்டர்ட் அவுட்புட் வழக்கமாக பஃபர் என்ற தற்காலிக இடத்தில் சேர்ந்துதான் வெளியே போகும். கொல்லப்பட்டால் அந்த பஃபரில் இருந்தது அப்படியே போய்விடும். லொக்கில் கடைசியாகத் தெரிகிற பக்கத்தில்தான் பிள்ளை செத்தது என்று முடிவு கட்டவேண்டாம், அது அதைத் தாண்டியும் போயிருக்கலாம்.

உங்கள் விஷயத்தில் கொன்றது யார்? அநேகமாகக் கேர்னல், லினக்ஸின் மையப் பகுதி. மெமரி தீர்ந்துபோனால் லினக்ஸ் ஒரு புரொசஸைத் தேர்ந்தெடுத்து 9ஆல் அடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ4 தாளை 300 டிபிஐயில் படமாக்கினால் 2480க்கு 3508, கிட்டத்தட்ட 87 லட்சம் புள்ளி. வழக்கமான கியூ16 (ஒரு நிறத்துக்கு 16 பிட்) இமேஜ்மேஜிக் ஒரு புள்ளிக்கு 8 பைட் எடுக்கும், பக்கத்துக்கு ஏறத்தாழ 70 எம்பி. ஒரு பிடிஎஃப்பைக் கொடுத்தால் அது எல்லாப் பக்கத்தையும் சேர்த்தே தூக்கும். 50 பக்கச் சீட்டுக் கட்டு என்றால் மூன்றரை ஜிபி. உங்களிடம் இருப்பது 4, அதிலும் மைஎஸ்கியூஎல் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறது. சாதாரண நாளில் தப்பும். மாசி பங்குனியில் பெரும்போக அறுவடை வந்து வாசலில் லொறி வரிசை நிற்கிற நாளில் சீட்டும் கூடும், அன்றிரவு விழும். திகதியை வைத்துப் பாருங்கள், மைனஸ் 9 வந்த நாட்கள் அந்தப் பருவமாகத்தான் இருக்கும்.

பல உபுண்டு பதிப்புகளில் இமேஜ்மேஜிக்கின் பொலிசி ஃபைல் பிடிஎஃப்பைத் தொடவே விடாது, மெமரிக்கும் இறுக்கமான எல்லை போட்டிருக்கும். நீங்கள் முதலாவதைத் திறந்துவிட்டபோது இரண்டாவதையும் உயர்த்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உயர்த்தாமல் விட்டிருந்தால் கொலை நடக்காது, கேஷ் போதவில்லை என்று அதுவே எழுதிவிட்டு 1ஓடு முடியும். இந்த இரண்டில் எனக்குப் பிடித்தது இப்படி 1ஓடு முடிவதுதான், காரணத்தைச் சொல்லிவிட்டு விழுகிறதே. எப்படியோ, பிடிஎஃப்பை பொப்ளர் என்ற பிடிஎஃப் மென்பொருளின் கருவியால் பக்கம் பக்கமாகப் பிரித்துப் படமாக்குங்கள், இந்தக் கரைச்சல் தீரும். ஊகத்தை உறுதிப்படுத்தக் கேர்னல் லொக்கில் "அவுட் ஒஃப் மெமரி" என்று தேடினால் செத்த புரொசஸின் பெயரோடு ஒரு வரி இருக்கும். உங்கள் புரோகிராமே மைனஸ் 9ஐக் கண்டவுடன் "சிக்கில்லால் கொல்லப்பட்டது, நேரம் இத்தனை மணி, கேர்னல் லொக்கைப் பார்க்கவும்" என்று எழுதினால், உங்களுக்குப் பிறகு அந்த மெஷினைப் பார்க்கிறவரும் திண்டாடமாட்டார்.

தொங்கி நின்ற நாள். இதற்கு நான் பந்தயம் கட்டுவேன்: ரன்னுக்குப் பதிலாக, பிள்ளையைத் தொடங்கிவிட்டு உடனே திரும்பும் பொபன்னைப் பாவித்து, அவுட்புட்டுக்குப் பைப் கொடுத்து, அதைப் படிக்காமல், பிள்ளை முடியும் வரை காத்திருக்கும் வெயிட்டைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். லினக்ஸில் ஒரு பைப் சாதாரணமாக 65,536 பைட் பிடிக்கும். நிரம்பினால் எழுதுகிறவன் காத்திருப்பான். பிள்ளை தாய் படிக்கட்டும் என்று நிற்கும், தாய் பிள்ளை முடியட்டும் என்று நிற்கும், விடியும் வரைக்கும் இரண்டும் அப்படியே நிற்கும். யூடிஎஃப்8 என்ற குறியீட்டு முறையில் ஒரு தமிழ் எழுத்துக் குறி 3 பைட், ஆகவே ஏறத்தாழ 21,800 குறியோடு பைப் நிரம்பிவிடும். ஆங்கிலத்தில் டெஸ்ட் பண்ணினால் இது கண்ணில் படாமலே போயிருக்கலாம். வெயிட்டுக்குப் பதில் கொம்யூனிகேட்டைப் பாவியுங்கள், அது இரண்டு பைப்பையும் சேர்த்துப் படித்துக்கொண்டே காத்திருக்கும்.

அதோடு டைம்அவுட் (நேர எல்லை) ஒன்றும் கட்டாயம் கொடுங்கள். டைம்அவுட்டில் ரன் கொல்வது நேரடிப் பிள்ளையை மட்டும்தான். நடுவில் ஷெல் இருந்தால் ஷெல் சாகும், ஷெல் பெற்ற பேரப்பிள்ளை பைப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருக்கும், பழைய பைதன் என்றால் தாயும் திரும்பக் காத்துக் கிடக்கும். பிள்ளையைப் புதிய செஷனில், தனிப் புரொசஸ் குழுவாகத் தொடங்கி, நேரம் போனால் அந்தக் குழு முழுவதற்கும் சிக்னல் அனுப்பவேண்டும். லொக்கில் "டைம்அவுட், நாங்களே கொன்றோம்" என்று வேறாக எழுதுங்கள். இல்லாவிட்டால் கேர்னல் அடித்த 9உம் நீங்கள் அடித்த 9உம் ஒன்றாகத் தெரியும்.

இனி அந்த பாக்கப். டேட்டாபேஸை எழுத்தாக வெளியே எடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்பின் அவுட்புட்டை பைப் போட்டு, சுருக்கும் கருவியான ஜீசிப்புக்குக் கொடுத்து ஃபைலில் எழுதுகிறீர்கள், அப்படித்தானே? ஷெல்லில் பைப் வரிசையின் எக்சிட் ஸ்டேட்டஸ் கடைசிக் கட்டளையின் ஸ்டேட்டஸ். டம்ப் கடவுச்சொல் பிழை என்று உடனே விழுந்தாலும் ஜீசிப் ஒன்றுமில்லாததை அழகாகச் சுருக்கி 0 சொல்லிவிட்டுப் போகும். போய் பாக்கப் ஃபைல்களின் அளவைப் பாருங்கள், இப்பவே. 20 பைட் என்று ஒன்று இருந்தால் அது வெறும் உறை, உள்ளே எதுவும் இல்லை. பெரிய ஃபைல் என்றாலும் நம்பவேண்டாம், பாதியில் அறுந்திருக்கலாம். விரித்துக் கடைசி வரியைப் பாருங்கள். டம்ப் முழுதாக முடிந்தால், கொமெண்ட்களை நிறுத்தி வைக்காத பட்சத்தில், "டம்ப் கொம்ப்ளீட்டட்" என்று திகதியோடு ஒரு வரி கடைசியில் இருக்கும். அந்த வரியைத் தேடுவதைப் புரோகிராமிலேயே சேர்த்துவிடுங்கள்.

வரிசையில் எது விழுந்தாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயில் என்ற ஒப்ஷனைப் போட்டால் இது தீரும் என்று வாசித்திருப்பீர்கள். தீரும், பாஷ் என்ற ஷெல்லில். பைதன் ஷெல்லை ட்ரூ என்று கேட்டால் கூப்பிடுவது பாஷை அல்ல, உபுண்டுவில் அது டாஷ் என்ற வேறு ஷெல். பல பதிப்புகளில் டாஷுக்கு அந்த ஒப்ஷனே தெரியாது. நான் செய்வது: டம்ப்பைத் தனியாக ஒரு தற்காலிக ஃபைலுக்கு எழுதி, ஸ்டேட்டஸைப் பார்த்து, கடைசி வரியைப் பார்த்து, பிறகு சுருக்கி, எல்லாம் சரியென்றால் மட்டும் உண்மையான பெயரை வைப்பது. டிஸ்கில் கொஞ்சம் கூட இடம் போகும். போகட்டும்.

0 பொய் சொல்லும் இடங்கள் இன்னும் உண்டு. இணையத்தில் இருந்து எடுத்து வரும் கர்ல், எஃப் ஒப்ஷன் கொடுக்காவிட்டால், சேர்வர் 404 (பக்கம் இல்லை) அனுப்பினாலும் 0தான் சொல்லும். 0 அல்லாதது எல்லாம் பிழையும் அல்ல: ஃபைலில் எழுத்தைத் தேடும் கிரெப், தேடினது கிடைக்காவிட்டால் 1, உண்மையான பிழை என்றால் 2. ஃபைல்களை நகலெடுக்கும் விண்டோஸின் ரோபோகொப்பி 8க்குக் கீழே எதைச் சொன்னாலும் தோல்வி இல்லை. அப்புறம், விழுந்த சீட்டுகளின் எண்ணிக்கையையே எக்சிட் கோடாகத் திருப்பும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. யூனிக்ஸில் அந்த எண்ணில் 8 பிட்தான் தாய்க்குப் போய்ச் சேரும். சரியாக 256 சீட்டு விழுந்தால் 0 என்று தெரியும், எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம்.

இப்போது லொக்கில் எழுதவேண்டியது. பிள்ளைக்குத் தான் எந்தப் பெரிய வேலையின் துண்டு என்று தெரியாது. டெசரக்ட்டுக்குத் தெரிந்தது ஒரு படம், அது எந்த விவசாயியின் எந்த நாள் சீட்டு என்பது தாய்க்குத்தான் தெரியும். ஆகவே முதல் வசனம் தாயுடையதாக இருக்கவேண்டும். இப்படி ஒன்று வந்தால் எனக்குப் போதும்: "சீட்டுக் கட்டு 214, பக்கம் 3, எழுத்தெடுப்பு விழுந்தது. கட்டளையும் அதற்குக் கொடுத்தவையும் இவை. ஓடிய டிரெக்டரி இது, பயனர் இவர். 0.2 செக்கனில் முடிந்தது, எக்சிட் கோட் 1. பிள்ளை கடைசியாகச் சொன்னது: தமிழ் ட்ரெயின்ட் டேட்டாவைத் திறக்க முடியவில்லை." நேரத்தை எழுதச் சொல்வது சும்மா இல்லை. கால் செக்கனில் விழுந்தது என்றால் அமைப்புப் பிழையைத் தேடவேண்டும், நாற்பது நிமிடம் ஓடி விழுந்தது என்றால் டேட்டாவையும் மெமரியையும் தேடவேண்டும்.

பிள்ளையின் அவுட்புட் நீளமென்றால் தலையிலும் கொஞ்சம் வாலிலும் கொஞ்சம் வைத்துக்கொண்டு நடுவை வெட்டுங்கள். பைதன் ட்ரேஸ்பேக்கில் காரணம் கடைசி வரியில் இருக்கும், கொம்பைலர் என்றால் முதல் பிழைதான் உண்மையான பிழை. வெட்டும்போது பைட் கணக்கில் வெட்டினால் தமிழ்க் குறி நடுவில் பிளந்துபோகும், அதை யூடிஎஃப்8 ஆக டிகோட் பண்ணப் போனால் பைதன் அங்கே புதிதாக ஒரு எக்செப்ஷனை எறியும். காலையில் நீங்கள் பார்ப்பது யூனிகோட் பிழையை, உண்மையான பிழை அதற்கடியில் புதைந்துபோயிருக்கும். டிகோட் பண்ணும்போது எரர்ஸ் என்பதற்கு ரிப்ளேஸ் என்று கொடுத்துவிடுங்கள். கட்டளையை எழுதும்போது அதில் டேட்டாபேஸ் கடவுச்சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் லொக்கில் மறைப்பதோடு விடவேண்டாம், கட்டளை வரியில் இருந்தே எடுத்து ஒப்ஷன் ஃபைலுக்கு மாற்றுங்கள்.

ஒரு சீட்டு விழுந்தால் மற்றச் சீட்டுகளை நிறுத்தவேண்டியதில்லை, பிடித்து எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். ஆனால் எல்லாம் முடிந்த பிறகு உங்கள் புரோகிராம் 0ஓடு முடியக்கூடாது. குரோனுக்கு உங்கள் புரோகிராமும் ஒரு பிள்ளைதானே. ஒன்றாவது விழுந்திருந்தால் 1, அவ்வளவு போதும், எண்ணிக்கையை லொக்கில் எழுதுங்கள்.

இதையெல்லாம் திருத்தின பிறகு வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். தமிழ் ட்ரெயின்ட் டேட்டாவின் பெயரை மாற்றிவிட்டு ஓடவிடுங்கள். டெசரக்ட் ஓடும்போது இன்னொரு டேர்மினலில் இருந்து 9ஆல் அடியுங்கள். டிஸ்க் நிரம்பினது போல நடிக்க லினக்ஸில் டெவ் ஃபுல் என்று ஒரு போலி ஃபைல் இருக்கிறது, டம்ப்பை அதற்கு எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் குரோன் வழியாகவே ஓடவிடுங்கள், டேர்மினலில் வேண்டாம். பிறகு கோடைத் திறக்காமல், லொக்கை மட்டும் மில்லில் இருக்கிற வேறொருவரிடம் காட்டி என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லாத இடத்தை எனக்கு அனுப்புங்கள், பார்ப்போம்.